விசாகப்பட்டினத்தில் ஒரு சுகாதார ஆய்வாளர்

ஜூலை 9

மகனிடமிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. நீர்மூழ்கியில் போகிறவன், இருக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மருமகள் நாள்காட்டியில் எதையும் குறிப்பதில்லை. குறித்தால் எண்ண வேண்டிவரும் என்கிறாள்.

ஜூலை 11

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் அதிகம் கட்டியது ஏழாம் ரக நீர்மூழ்கி. 67 மீட்டர் நீளம். உள்ளே 44 பேரிலிருந்து 52 பேர் வரை. கழிப்பறை இரண்டு. அதிலும் ஒன்றில் புறப்படும்போதே உணவுப் பொருட்களை அடைத்துவிடுவார்கள். அதைத் தின்று தீர்க்கும்வரை ஐம்பது பேருக்கும் ஒரே கழிப்பறைதான். நகராட்சியில் இருந்தபோது இந்தக் கணக்குக்காகவே ஒரு தங்கும் விடுதிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

அந்த ஒன்றாவது ஒழுங்காக வேலை செய்ததா என்றால், அதுவும் இல்லை. சுமார் 25 மீட்டருக்குக் கீழே போனால் கடல் அழுத்தத்தை எதிர்த்துக் கழிவை வெளியே தள்ள முடியாது. வாளிதான், டப்பாதான். பிறகு ஆழத்திலும் இயங்கும் கழிப்பறை ஒன்றைச் செய்தார்கள். எந்த வால்வுக்குப் பிறகு எந்த வால்வு என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்துக் கரையோரம் யு-1206 தொலைந்தது இதனால்தான் என்று கதை. கழிப்பறை வழியாகக் கடல்நீர் புகுந்து கீழே இருந்த பேட்டரிகளைத் தொட்டது, குளோரின் கிளம்பியது, மேலே வந்தே ஆக வேண்டியதாயிற்று. மேலே வந்தால் எதிரி விமானம்.

குளோரின் என்றால் எனக்குத் தெரியும். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்ததும் கண்ணையும் தொண்டையையும் பிடிக்குமே, அது. நாங்கள் மூட்டையைத் திறந்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்போம். அங்கே பத்தடி தள்ளி எங்கே போவது?

ஜூலை 12

"மாமா, உங்களுக்கு நல்ல செய்தியே கிடைக்காதா?" என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 15

சமையலறையில் சின்னக் கரப்பான். கழுத்துக்கு மேல் இரண்டு கருங்கோடு. இரவில் விளக்கைப் போட்டதும் சிலிண்டருக்குப் பின்னால் ஓடி மறைந்தது. சாக்கடையிலிருந்து வருகிற பெரிய கரப்பானைப் பார்த்துத்தான் எல்லோரும் அலறுகிறார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, அது வழி தவறி வந்தது. இந்தச் சின்னது குடியேற வந்தது. முட்டைக் கூட்டைப் பெண் பூச்சி வால் பக்கம் தூக்கிக்கொண்டே திரியும். உள்ளே முப்பது, நாற்பது முட்டை. பொரிகிற நேரம் வரும்வரை கீழே வைக்காது. மருந்தடித்துத் தாயைக் கொன்றாலும் கூட்டுக்குள் இருப்பது பல நேரம் தப்பிவிடும். அதனால்தான் முதல் மருந்தடிப்போடு கதை முடிவதில்லை.

நீர்மூழ்கியில் இருந்ததும் இந்த ரகம்தான் என்று பந்தயம் கட்டுவேன். சூடு, ஈரம், இருட்டு, நாள் முழுவதும் திறந்திருக்கும் சமையல் மேடை. அமெரிக்க நீர்மூழ்கிகளில் எஃகு உடலின் உட்புறம் முழுக்கத் தக்கை ஒட்டியிருந்தார்கள், நீர் வியர்க்காமல் இருக்க. தக்கைக்கும் இரும்புக்கும் இடையே ஒரு காகிதக் கனம் இடைவெளி போதும். நான் ஆய்வுக்குப் போயிருந்தால் முதலில் அங்கேதான் டார்ச் அடித்திருப்பேன். அடுத்து உருளைக்கிழங்குச் சாக்கு, அட்டைப்பெட்டி மடிப்பு. துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போதே அட்டைப்பெட்டிகளை வெளியே பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் இறக்கியிருந்தால் பாதித் தொல்லை போயிருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுகாதார ஆய்வாளர் சொல்வதை எந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்?

போரிக் பவுடர், கோதுமை மாவு, சர்க்கரை சேர்த்து உருண்டை பிடித்து வைத்திருக்கிறேன். மருமகள் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று.

ஜூலை 16

மழை. கீழ்வீட்டு அம்மா கடலைப் பார்த்துவிட்டு வந்து, "அலை பெரிதாக இருக்கிறது" என்றார். ஆழத்தில் அலை தெரியாது என்று அவருக்கு யாராவது சொல்லட்டும்.

ஜூலை 20

கடற்கரைச் சாலையில் பழைய நீர்மூழ்கி குருசுராவைப் பார்த்துவிட்டு வந்தேன். 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது, 1971 போரில் அரபிக்கடலில் சுற்றியது, 2001 பிப்ரவரியில் ஓய்வு. இப்போது மணல் மேல் அருங்காட்சியகமாக நிற்கிறது. மருமகள் வரவில்லை. கேட்டதற்கு, "நான் பார்த்துவிட்டேன், போதும்" என்றாள்.

91 மீட்டர் நீளம், 75 பேர். வட்டத் துவாரங்களில் குனிந்து, ஒரு காலை முன்னே போட்டு நுழைய வேண்டும். முன்பகுதியில் டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கைகள். ஒரு படுக்கைக்கும் மேல் படுக்கைக்கும் நடுவே உள்ள உயரத்தைச் சாண் வைத்து அளந்தேன். புரண்டு படுப்பவனுக்குத் தோள் இடிக்கும். அவன் சிறுவனாக இருந்தபோது கட்டிலில் குறுக்கே படுத்து என்னை விளிம்புக்குத் தள்ளிவிடுவான்.

விளக்கம் சொன்னவர் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான், குளியல் கிடையாது, மருந்திட்ட துணிகளை உடுத்திப் பிறகு தூக்கி எறிந்துவிடுவோம் என்றார். இது என் மனதுக்குப் பிடித்தது. துணியைத் துவைக்க வழி இல்லையென்றால் எறிவதுதான் சரி. ஜெர்மன்காரர்களுக்கு இந்தப் புத்தி வரவில்லை. கடல்நீரில் நுரைக்கிற சோப்பு ஒன்றைக் கொடுத்தார்கள், நாற்றத்துக்கு வாசனைத் தண்ணீர் கொடுத்தார்கள். பலருக்குச் சொந்தப் படுக்கை கிடையாது. ஒருவன் காவலுக்கு எழுந்து போன சூட்டிலேயே அடுத்தவன் படுப்பான். பேனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்து கொடுக்க முடியாது.

குருசுராவின் சமையலறை மூலையில் கைக்குட்டையைச் சுற்றிய விரலால் துடைத்துப் பார்த்தேன். சுத்தம். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்தத் துறைமுகத்துக்கு வெளியே, 1971 போரில் மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி கிடக்கிறது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஜூலை 21

காஸி அமெரிக்கர்கள் கட்டியது. பழைய பெயர் டயாப்லோ. குளிர்சாதன வசதி இருந்திருக்கும்.

ஜூலை 24

நல்ல செய்தி கேட்டாளே என்று நேதாஜி கதையைச் சொன்னேன். 1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கி யு-180இல் ஏறினார். கூட அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன். ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே இருந்த கடலில் ரப்பர் படகில் ஜப்பானியரின் ஐ-29க்கு மாறினார்கள். மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சபாங் தீவில் கரை இறங்கினார்கள்.

படத்தில் சீருடையும் பூட்சுமாக நிற்கிறாரே, அவரை யு-180க்குள் வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கப்பலில் விரைவுப் படகுக்கான டீசல் எஞ்சின்கள் ஆறைப் பொருத்தியிருந்தார்கள். புகை, சூடு. எதைத் தொட்டாலும் டீசல், கம்பளி டீசல், ரொட்டியும் டீசலில் ஊறியது போல இருந்தது என்று ஆபித் ஹசன் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நெடியில் உட்கார்ந்து நேதாஜி சொல்லச் சொல்ல இவர் எழுதியிருக்கிறார். ஐ-29 பினாங்கிலிருந்து வந்த கப்பல். அங்கேயே இந்திய மசாலாப் பொருட்கள் வாங்கி வைத்திருந்து குழம்பு செய்து போட்டார்களாம். கப்பல் தலைவர் தன் அறையையும் நேதாஜிக்கு விட்டுக்கொடுத்தார்.

"பாருங்கள், நல்ல செய்தி இருக்கிறதே" என்றாள் மருமகள். ஐ-29 அடுத்த ஆண்டு ஜூலையில் என்ன ஆயிற்று என்பதை நான் சொல்லவில்லை.

ஜூலை 27

தூக்கம் வரவில்லை. மணி மூன்று இருக்கும்.

காற்று. எலி, பேன், கரப்பான் எல்லாம் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். அந்தப் போரில் நீர்மூழ்கிகள் பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும், பேட்டரி ஏற்றவும் காற்று மாற்றவும். பகல் முழுவதும் மூடிய குழாய்க்குள் ஐம்பது அறுபது பேர் விட்ட மூச்சையே இழுக்க வேண்டும். சாயங்காலம் தீக்குச்சி பற்றாது. தலைவலி, மேல்மூச்சு. வேலை இல்லாதவர்கள் படுத்துக்கொள்ள வேண்டும், பேசக்கூடாது. கரியமில வாயுவை உறிஞ்ச ரசாயனப் பொடியைத் தட்டுகளில் பரப்புவார்கள். கரப்பானுக்கு இது ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றால் நாற்பது நிமிடம்கூட மூச்சை நிறுத்தி வைக்கும். மனிதன் தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது அது அவன் தட்டில் மேய்ந்திருக்கும்.

1962இல் கியூபா நெருக்கடியின்போது அமெரிக்கர்கள் கீழே அமுக்கி வைத்த சோவியத் நீர்மூழ்கிகள் குருசுராவின் ரகம்தான். உள்ளே வெப்பம் 45 டிகிரிக்கு மேல், ஆள் ஆளாக மயங்கி விழுந்தார்கள். அந்தச் சமையலறையில்தானே நான் விரலால் துடைத்துப் பார்த்தேன்.

இப்போது அப்படி இல்லை. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவனும் சொன்னான். என்ன கேட்டாலும் "இப்போது அப்படி இல்லை அப்பா" என்பான். எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டான், சொல்லவும் கூடாது.

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கொசு.

ஜூலை 28

கரப்பானைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவான்.

ஜூலை 31

குழந்தை நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மருமகளுக்குக் கால் வீக்கம் மட்டும் குறையவில்லை. திரும்பும் வழியில் ஆட்டோவில் அவளாகவே கேட்டாள்: "எலிக்கு என்ன செய்வார்கள் மாமா?"

சந்தோஷமாக இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும் வடங்களில் வட்டத் தகடு மாட்டியிருக்கும், எலி வடத்தில் ஏறி வந்தால் தகட்டில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும் என்று சொன்னேன். அப்படியும் ஏறிவிட்டால், அந்தக் காலத்தில் ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டுக் கப்பலை மூடி சயனைடு வாயு அடிப்பார்கள். நீர்மூழ்கிக்கும் துறைமுகத்தில் நிற்கும்வரைதான் வழி. கிளம்பிவிட்டால் புகை மருந்தை மறந்துவிட வேண்டியதுதான். எலி பாஷாணமும் வைக்கக் கூடாது. தின்ற எலி போய் அடித்தளத்துக் குழாய்களுக்கு நடுவே செத்துக் கிடக்கும். அந்த நாற்றத்தை வெளியேற்ற ஜன்னலா இருக்கிறது? பொறி ஒன்றுதான். விட்டுவைக்கவும் முடியாது, எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்தாக வேண்டும். அது மின்கம்பியின் உறையாகவும் இருக்கலாம். ஜப்பானிய நீர்மூழ்கிகளில் எலி, கரப்பான் இரண்டுமே தொல்லை கொடுத்தன.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். தமிழ் தெரியும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2

ஜெர்மன் நீர்மூழ்கியில் தலைக்கு மேல் வலைகளில் ரொட்டி தொங்கும், குழாய்களில் தொத்திறைச்சி தொங்கும். சில வாரத்தில் ரொட்டி மேல் வெள்ளைப் பூஞ்சை பஞ்சாகப் படரும். அதை முயல் என்பார்களாம். மேல்தோலை எல்லாம் செதுக்கி எறிந்துவிட்டு நடுவில் மிஞ்சுவதைத் தின்பார்கள்.

மருமகள் சிரித்தாள். பிறகு, "பருப்புப் பொடி கொடுத்தனுப்பினேன், அதில் கரப்பான் வருமா?" என்றாள். மூடி இறுக்கமா என்று கேட்டேன். எவர்சில்வர் சம்படம், திருகு மூடி. வராது என்றேன். இரவு மறுபடியும் கேட்டாள்.

ஆகஸ்ட் 3

போரிக் உருண்டைகளைச் சுற்றி நான்கு செத்துக் கிடந்தன. ஒன்றின் வால் பக்கம் முட்டைக் கூடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5

அவன் வந்ததும் செய்ய வேண்டியவை பற்றி மருமகளோடு சண்டை. பையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, நேரே மொட்டைமாடி, வெயிலில் உதறிப் பிரித்து, துணி எல்லாம் வெந்நீரில், அதன் பிறகுதான் குழந்தை இருக்கும் அறை என்றேன். "வாசலில் வந்து நிற்பவரிடம் மாடிக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்" என்று கதவைச் சாத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, மாடியில் கொடிக்கயிறு அறுந்து கிடக்கிறது, புதிதாக வாங்க வேண்டும் என்றாள்.

கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டேன். திருகோணமலையில் நின்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளைப் பற்றி எழுத நினைத்தேன், அந்த வெயிலில் வேர்க்குருவும் கரப்பானுமாக மலாக்கா நீரிணைவரை போய்வந்தார்கள். நாளை காலை டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் முடிந்தால்.