கஸ்டர் கவுண்டி மேப் வேலை, இதுவரைக்கும்

அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்து நடுவுல இருக்குற கஸ்டர் கவுண்டில (நம்மூரு மாவட்டம் மாதிரி) யார் யாரு எப்ப வந்து குடியேறுனாங்கன்னு மேப்ல கலர் பண்ணிப் பாக்குற வேல ஓரளவு நகந்துருக்கு. 1877-ல உருவான கவுண்டி இது, அதுக்கு முந்தின வருஷம் பழங்குடி மக்களோட நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டைல செத்த ராணுவ அதிகாரி கஸ்டர் பேரையே வச்சிட்டாங்க.

இந்த கவுண்டிய எடுத்ததுக்கு காரணம் சாலமன் புட்சர். 1886-லேருந்து வண்டில கேமராவ ஏத்திக்கிட்டு பண்ணை பண்ணையா போயி, வீட்டு முன்னாடி குடும்பத்த நிக்க வச்சு போட்டோ எடுத்த மனுஷன். மரம் அபூர்வமான சீமைங்கறதால புல்லு வேரோட மண்ண ஏர் வச்சு பாளம் பாளமா அறுத்து அடுக்கி கட்டுன வீடுங்க. ஒரு போட்டோல வீட்டுக்காரம்மா மண் வீடு தெரியக்கூடாதுன்னு ஆர்கன் வாத்தியப் பெட்டிய வெளிய தூக்கிட்டு வரச் சொல்லி அதுகூட நிக்குறாங்க, ஊர்ல இருக்குற சொந்தக்காரங்களுக்கு அனுப்பணுமாம்!

சரி வேலைக்கு வருவோம். குடியேறுறவங்களுக்கு நிலம் குடுக்குற 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர், அஞ்சு வருஷம் அங்கயே இருந்து பயிர் பண்ணா சொந்தம். அந்த பட்டாவெல்லாம் அரசாங்க சைட்ல ஃப்ரீயாவே கிடைக்குது. அதுல சர்வே நம்பர் எப்படி ஓடுதுன்னு பிடிபட்டாதான் மேப்ல வைக்க முடியும். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதுக்குள்ள 36 செக்‌ஷன், வடகிழக்கு மூலைல 1 ஆரம்பிச்சு மேக்க 6 வரைக்கும் போயி, 6-க்கு நேர் கீழ 7, அங்கேருந்து திரும்ப கிழக்க, ஏர் உழுறவன் சால் திருப்புற மாதிரியே. ஒரு செக்‌ஷன்ல கால்வாசிதான் அந்த 160 ஏக்கர்.

கலர் அடிக்க அடிக்க எல்லா டவுன்ஷிப்லயும் ஒரே ரெண்டு இடம் காலியா நின்னுச்சு, 16, 36. அது ரெண்டும் பள்ளிக்கூடத்துக்குன்னு ஒதுக்குனது, அதான் ஹோம்ஸ்டெட்டுக்கு குடுக்கல. இதப் பாத்ததும் செம சந்தோஷம், மேப் சரியா உக்காருதுன்னு அர்த்தம்ல.

பட்டா தேதிய அப்படியே நம்பக்கூடாது, அஞ்சு வருஷம் இருந்தப்பறம்தான் அது கைக்கு வரும், அதனால 1891 பட்டான்னா ஆளு 1886-லயோ அதுக்கு முன்னயோ வந்தாச்சு, புட்சர் போட்டோல நிக்குற நிறைய பேருக்கு அப்ப நிலம் இன்னும் சொந்தமே ஆகல. கிறிஸ்மன் அக்கா தங்கச்சிங்க நாலு பேரும் 1886 போட்டோல இருக்காங்க, அப்பறம் அவங்கள்ல சிலர் தனித்தனியா நிலம் கோரி, மாத்தி மாத்தி ஒருத்தி வீட்ல எல்லாருமா தங்கி கெடுவ ஓட்டிருக்காங்க. கெட்டிக்காரிங்க.

சென்சஸும் சேத்தாச்சு: 1880-ல சுமார் 2,200 பேர், 1890-ல 21,000 தாண்டியாச்சு, 1920-ல 26,000-க்கு மேல, 2020-ல 10,500 சொச்சம்தான்.

இந்த கலருக்கெல்லாம் அடில இன்னொரு லேயர் வேணும். பானிங்கற பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டைக்கு போன சீமை இது, அவங்கள 1870-கள் நடுவுல இப்ப ஓக்லஹோமா இருக்குற பக்கம் அனுப்பிட்டாங்க, அதுக்கப்பறம் பத்து வருஷத்துலதான் இந்த கூட்டமே வந்துருக்கு. அத போட்டுட்டு, மரம் நட்டா நிலம்னு 1873-ல வந்த சட்டத்துல குடுத்த பட்டாவ தனி கலர்ல எடுக்கணும்.