நீ ஒருத்திதான் லேட்டு

எங்க வீட்டு பாம் ஷெல்டர்ல (சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகள்ல ஆபத்து நேரத்துல ஒதுங்கறதுக்குக் கட்டற சின்ன ரூம்) ரெண்டு அரிசி மூட்டை, பொங்கப் பானை, தீபாவளிக்கு வாசல்ல மாட்டற லைட்டு செட்டு, பழைய ஃபேன், இதுக்கு நடுவுல ஒரு மடக்கு டேபிளும் பிளாஸ்டிக் ஸ்டூலும். அங்க உக்காந்துதான் மூணு வருஷம் ராத்திரி மீட்டிங் எடுத்தேன். பொங்கோல்ல நாலறை வீடு, ஒரு ரூம்ல அம்மா, ஒரு ரூம்ல வீட்டுக்காரரும் பொண்ணும், இன்னொண்ணுல தம்பி, ஹால்ல பேசினா எல்லாரும் முழிச்சுக்குவாங்க. பாம் ஷெல்டர் சுவரு கெட்டியா இருக்கும், சத்தம் வெளிய போகாது, ஆனா அந்த இரும்புக் கதவை முழுசா சாத்தினா வைஃபை போயிடும், அதனால கதவிடுக்குல என் செருப்பை வெச்சு ஒரு கையகலம் திறந்து வெச்சுப்பேன். ராத்திரி 12 மணிக்கு அந்த இடுக்கு வழியா அம்மா தண்ணி குடிக்க எழுந்து போறது தெரியும். ஒருநாள் நின்னு பாத்துட்டு ஒண்ணும் பேசாம போனாங்க, மறுநாள் காலைல வந்து "ஏன்டி, நீ என்ன தப்பு பண்ணினேன்னு அந்தாளு உன்னை அப்படி கேக்கறான்"னு கேட்டாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. குரலை மட்டும் வெச்சே புரிஞ்சுக்கிட்டாங்க.

கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். மொத்தம் 11 பேர், 6 நாடு, ஆபீஸ்னு ஒண்ணு கிடையாது, ஃபவுண்டர் கலிஃபோர்னியால. டெலிவரி வண்டிகளுக்கு ரூட் போட்டுக் குடுக்கற மென்பொருள். 2020 ஏப்ரல் 7லேந்து ஜூன் 1 வரைக்கும் கோவிட்டுக்காக சர்க்கிட் பிரேக்கர்னு ஊரடங்கு போட்டாங்களே, அப்பதான் வீட்லேந்து வேலை செஞ்சாலும் வேலை நடக்கும்னு நான் தெரிஞ்சுக்கிட்டது, பொண்ணு அப்ப கைக்குழந்தை, பழைய ஆபீஸ் திரும்பக் கூப்பிட ஆரம்பிச்சதும் 2021ல இந்த வேலை வந்துச்சு, யோசிக்கவே இல்ல, சேந்துட்டேன். இன்டர்வியூல "நாங்க ஒரு குடும்பம் மாதிரி"ன்னு சொன்னாரு. எனக்கு அது பிடிச்சிருந்தது, அதையும் சொல்லிடறேன். சின்ன கம்பெனின்னா நம்ம எழுதற கோடு நாளைக்கே கஸ்டமர் கைல இருக்கும், நம்ம வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கும்னு நம்பினேன், முதல் ஆறு மாசம் நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு.

நேரக் கணக்கைக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா கஷ்டம் அங்கதான் ஆரம்பிச்சுது. தினசரி ஸ்டாண்டப், அதாவது யார் என்ன வேலை பாக்கறாங்கன்னு சொல்ற சின்ன மீட்டிங், ஃபவுண்டருக்குக் காலைல 9 மணி. அது எனக்கு ராத்திரி 12. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அமெரிக்கால கடிகாரத்தை மாத்துவாங்க, அன்னிலேந்து மார்ச் வரைக்கும் எனக்கு ராத்திரி 1 மணி. இதோட முடியல. அவங்க தூங்கற நேரத்துல சர்வர் விழுந்தா பாக்க ஆள் வேணும், அப்ப எனக்குப் பகல், அதனால பகல் ஆன்கால் என் தலைல. பகல்ல அமெரிக்காவோட ராத்திரியைக் காவல் காத்து, ராத்திரில அவங்க காலையோட சேந்து வேலையை ஆரம்பிச்சு, காலைல 10லேந்து ராத்திரி 2 வரைக்கும் ஏதோ ஒரு வகைல நான் டியூட்டிலதான் இருந்தேன். ஒரு வாரம் பேப்பர்ல எழுதிப் பாத்தேன், 61 மணி நேரம் வந்துச்சு. வாரத்துக்கு 55 மணிக்கு மேல வேலை செஞ்சா, 35லேந்து 40 மணி வேலை செய்யறவங்களைவிட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 விழுக்காடு அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் நிறுவனமான ஐஎல்ஓவும் 2021ல சொன்னதை அதுக்கப்புறம்தான் படிச்சேன், படிச்சிட்டு அந்தப் பேப்பரை மடிச்சு டிராயர்ல போட்டேன்.

ஆனா மணிக்கணக்கைக்கூட தாங்கிக்கலாம். என் தாத்தா துறைமுகத்துல ராத்திரி ஷிஃப்ட் பாத்தவரு, என் வீட்டுக்காரருக்கு ரயில் மெயின்டனன்ஸ்ல மாசத்துல பாதி நாள் ராத்திரி வேலை. ஷிஃப்ட்டுன்னா அது முடியும், முடிஞ்சா வீட்டுக்கு வரலாம், மறுநாள் ஆஃப் இருக்கும். இங்க முடியவே முடியாது. ஃபவுண்டருக்கு ஒரு பழக்கம், ஸ்லாக்ல (ஆபீஸ் வேலைக்கான சாட் ஆப்) நம்ம போட்ட மெசேஜுக்குக் கீழ வெறும் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவாரு. "?" அவ்வளவுதான். வாக்கியம் கிடையாது, கோபமா சந்தேகமா ஒண்ணும் தெரியாது, அதுவும் 11 பேரும் பாக்கற சேனல்ல. அந்த ஒரு எழுத்துக்கு நான் நாலு பத்தி பதில் எழுதுவேன், எழுதி அழிச்சு திருப்பி எழுதி, பதில் வராது. ஒரு ஆபீஸ்ல இருந்தா அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்து அவரு சும்மா கேக்கறாரா நெஜமாவே கடுப்பா இருக்காரான்னு ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சிருக்கும். இங்க அந்த ரெண்டு செகண்டுக்குப் பதிலா ஒரு ராத்திரி முழுக்க போயிடுது.

அப்புறம் ஸ்லாக்ல நம்ம பேருக்குப் பக்கத்துல ஆள் இருக்கோம்னு காட்டற அந்தப் பச்சைப் புள்ளி. பத்து நிமிஷம் கீபோர்டைத் தொடலேன்னா ஸ்லாக் நம்மள ஆள் இல்லைன்னு காட்டிடும். பொண்ணைக் குளிப்பாட்டப் போனா லேப்டாப்பை பாத்ரூம் வாசல்ல வெச்சுட்டு ஈரக் கையோட வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போவேன். யாரும் என்கிட்ட அப்படிச் செய்யச் சொல்லல. ஆனா ஒருநாள் ஒரு டிசைனர் பேரு மங்கலாயிடுச்சு, பக்கத்துல அக்கவுண்ட் டீஆக்டிவேட்டட்னு. அறிவிப்பு இல்ல, பிரியாவிடை இல்ல, மறுநாள் மீட்டிங்ல அவர் பேரையே யாரும் எடுக்கல. மங்கலான பேரைப் பாத்துதான் ஆள் போனது எங்களுக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் பச்சைப் புள்ளிய எப்படி விட முடியும்?

ஒரு சனிக்கிழமை அம்மாகூட தேக்கா மார்க்கெட்ல முருங்கக்கா வாங்கிட்டு இருந்தேன், பக்கத்துல நின்ன ஒருத்தர் ஃபோன்ல அதே ஸ்லாக் சத்தம், தட்டற மாதிரி ஒரு சின்ன சத்தம். என் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு கை தானா பைக்குள்ள போயி, காய் எல்லாம் கீழ விழுந்துடுச்சு. ஈரத் தரைல அம்மா குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கினாங்க. நான் நின்னுட்டே ஃபோனைப் பாத்துட்டு இருந்தேன். என் ஃபோன்ல ஒண்ணுமே வரல.

அந்த வாரம் பாலிகிளினிக் போனேன். டாக்டர் ரெண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, குடுத்தாங்க. ஃபோன்ல வந்துச்சு. அதை யாருக்கு அனுப்பறது? என் ஒப்பந்தத்துல எம்சின்னு ஒரு வார்த்தையே இல்லைன்னு அன்னிக்குத்தான் எடுத்து ஒழுங்கா படிச்சேன்.

இந்த இடத்தை நம்ம ஆளுங்க கவனமா படிக்கணும்னு கேட்டுக்கறேன், வெளிநாட்டு சின்ன கம்பெனிக்கு இங்கேந்து வேலை செய்யறவங்க முக்கியமா. கான்ட்ராக்ட் ஆஃப் சர்வீஸ்னா நீங்க ஊழியர். கான்ட்ராக்ட் ஃபார் சர்வீஸ்னா நீங்க தனியா தொழில் பண்றவர். ஒரு சின்ன வார்த்தைதான் வித்தியாசம். முதல் வகைன்னா வேலை நியமனச் சட்டம் உங்களுக்கு இருக்கு, வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோட சிக் லீவு, குறைஞ்சது 7 நாள் ஆண்டு விடுப்பு, முதலாளி பங்கு சிபிஎஃப் (நம்ம சேமநிதி). 2019 ஏப்ரல் 1லேந்து மேனேஜர், எக்சிகியூட்டிவ் எல்லாரும் அந்தச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. (வேலை நேரமும் ஓவர்டைமும் மட்டும் வேற கணக்கு, உடலுழைப்பு இல்லாத வேலைன்னா மாசச் சம்பளம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும்தான், அதனால மென்பொருள் ஆளுங்களுக்கு அந்தப் பாதுகாப்பு ஊழியரா இருந்தாக்கூட அனேகமா கிடையாது.) ரெண்டாவது வகைன்னா இது எதுவும் இல்ல. நான் ரெண்டாவது வகை. சேரும்போது சம்பளத்துல 1,200 வெள்ளி கூடுதல்னு சந்தோஷப்பட்டேன், ஆனா சிபிஎஃப் கணக்குக்கு அப்ப இருந்த 6,000 வெள்ளி சம்பள உச்சவரம்புல முதலாளி போட வேண்டிய 17 விழுக்காடே மாசம் 1,020 வெள்ளி, அது போச்சு. வீட்டுக் கடன் அதுவரைக்கும் சிபிஎஃப்லேந்து தானா கழிஞ்சிட்டு இருந்தது, அதுல இருந்த இருப்பு கரைய ஆரம்பிச்சு ஒரு கட்டத்துல கையிலேந்து பணமா கட்ட வேண்டியதா ஆச்சு. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பும் நானே போட்டுக்கணும். இன்னொண்ணு, பேப்பர்ல கான்ட்ராக்டர்னு எழுதிட்டா மட்டும் அது முடிவில்ல, யார் நேரத்தைத் தீர்மானிக்கறாங்க, யார் கருவி குடுக்கறாங்க, யாரோட பிசினஸ் இதெல்லாம் பாத்துதான் முடிவு பண்ணுவோம்னு மனிதவள அமைச்சே சொல்லுது. எனக்கு இது லேட்டாத்தான் தெரிஞ்சுது. இங்க ஒரு அலுவலகமே இல்லாத கம்பெனி மேல எங்க போய் நிக்கறதுன்னு மலைச்சு விட்டுட்டேன், விட்டது தப்புன்னு இப்ப நினைக்கறேன்.

இனி சொல்லப் போறதுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். 2023 கடைசில ஃபவுண்டர்கிட்டேந்து எனக்குத் தனியா ஒரு மெசேஜ் வந்துச்சு. டீம்ல மத்தவங்க எல்லாரும் வேகமா போறாங்க, நீ ஒருத்திதான் லேட்டு, உன்னாலதான் எல்லாரும் காத்துட்டு இருக்காங்க, இதை உன் நல்லதுக்காகத்தான் தனியா சொல்றேன்னு. நான் அதை முழுசா நம்பினேன். ரெண்டு மாசம் யார்கிட்டயும் சொல்லல, வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல, வெக்கமா இருந்துச்சு. மத்த பத்து பேரும் நிம்மதியா வேலை செய்யறாங்க, நான்தான் இவங்களுக்குப் பாரமா இருக்கேன்னு நினைச்சுட்டு ஞாயித்துக்கிழமையும் பாம் ஷெல்டர்ல உக்காந்தேன்.

டீம்ல கோயமுத்தூர்ல ஒரு தம்பி. வேலை விஷயம் தவிர நாங்க பேசினதே இல்ல, அதுவும் இங்கிலீஷ்ல. அவர் ஒருநாள் வாட்ஸாப்ல கூப்பிட்டு "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா, தப்பா எடுத்துக்காதீங்க, என்னாலதான் உங்க வேலையெல்லாம் நிக்குதுங்களா?"ன்னாரு. எனக்குப் புரியல. அவர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாரு. அதே மெசேஜ். வரிக்கு வரி அதே. மத்தவங்க எல்லாரும் வேகமா போறாங்க, நீ ஒருத்தன்தான் லேட்டு. தேதி மட்டும் எனக்கு வந்ததுக்கு மூணு நாள் முன்னாடி. நான் என்னுதை அனுப்பினேன். ரெண்டு பேரும் ஃபோன்ல ரொம்ப நேரம் பேசாம இருந்தோம், அந்தப் பக்கம் அவங்க வீட்டு மிக்ஸி சத்தம் கேட்டுட்டு இருந்தது. அப்புறம் போலந்துல இருந்த பொண்ணுகிட்ட தயங்கித் தயங்கி கேட்டோம். அவளுக்கும் வந்திருக்கு.

பழைய ஆபீஸ் தஞ்சோங் பகார்ல. மேனேஜர் அங்கயும் திட்டுவாரு, ஆனா மத்தியானம் கீழ கோப்பிக்கடைல உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல "உன்னையுமா? என்னையும்தான் லா"ன்னு ஒருத்தர் சொல்லிடுவாங்க, கோப்பி ஓ ஆறறதுக்குள்ள அது எல்லாருக்கும் வர்ற திட்டுன்னு தெரிஞ்சுடும். ரிமோட்ல அந்த மேசை இல்ல. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ரூம்ல தனியா நம்பிட்டு இருக்கோம், தப்பு நம்ம மேலதான்னு. வீட்லேந்து வேலை செய்யறதை நான் குறை சொல்லல, என் பொண்ணு நடக்கப் பழகினதை நான் பாத்ததே அதனாலதான். கிட்லேப் மாதிரி ஆபீஸே இல்லாம நடக்கற கம்பெனி, தன்னோட விதிமுறைல பெரும்பகுதியை யார் வேணா படிக்கற மாதிரி நெட்ல போட்டு வெச்சிருக்கு. எங்க கம்பெனில ஒரு விதிகூட எழுத்துல இல்ல, எல்லாம் ஒருத்தர் மனசுல, அவர் மனசு அன்னிக்கு எப்படி இருக்கோ அதான் விதி. புகார் சொல்ல எச்ஆர் இல்ல, எச்ஆரும் அவர்தான்.

மூணு பேரும் சேந்து ஒரு மெயில் எழுதினோம், ஸ்டாண்டப்பை எழுத்துல வெச்சுக்கலாமான்னு கேட்டு. ஒரு மாசம் ஒத்துக்கிட்டாரு. அந்த ஒரு மாசம் நான் பத்தரைக்குத் தூங்கினேன். அப்புறம் ஒரு பெரிய கஸ்டமர் போனாங்க, பழையபடி ராத்திரி மீட்டிங் வந்துடுச்சு. 2024 ஜூன்ல நான் வேலையை விட்டேன்.

ஆஸ்திரேலியால 2024 ஆகஸ்ட் 26லேந்து வேலை நேரம் முடிஞ்சப்புறம் வர்ற மெசேஜுக்கு பதில் போடாம இருக்கற உரிமைய சட்டமாவே ஆக்கிட்டாங்க. நம்ம பார்லிமென்ட்லயும் 2020ல எம்.பி. மெல்வின் யோங் இந்தப் பேச்சை எடுத்தாரு, ஆனா இங்க ஆலோசனைக் குறிப்பு அளவுலதான் நிக்குது. எனக்கு அது சட்டமா வரணும்.

இப்ப ஒன்-நார்த் பக்கம் வேலை, வாரத்துல மூணு நாள் ஆபீஸ், சம்பளம் கொஞ்சம் கம்மி, சிபிஎஃப் உண்டு. கோயமுத்தூர் தம்பி இன்னும் அந்தப் பழைய கம்பெனிலதான் இருக்காரு. தங்கச்சி கல்யாணம் தை மாசம், அது முடியட்டும்ங்கறாரு. ஞாயித்துக்கிழமை காலைல பொண்ணை டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு கீழ கோப்பிக்கடைல உக்காந்து அவருக்கு ஃபோன் போடுவேன், அவருக்கு அப்ப ஏழரை மணி, இப்பதான் டீ போட்டேங்க்கான்னு சொல்லிட்டு அந்த வாரம் என்ன மெசேஜ் வந்துச்சுன்னு படிச்சுக் காட்டுவாரு. போன வாரம் புதுசா சேந்த ஒரு பையன் நம்பரையும் சேத்து கான்ஃபரன்ஸ் போட்டாரு. அந்தப் பையன் முதல்ல ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.