பதறாத ஆட்டின் கறி

பென்னாகரம் பக்கம் வெள்ளாடு வளர்ப்பவர்களோடு வேலை செய்கிறேன். அதற்கு முன் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு மான் பண்ணையில் வேலை. இதைச் சொன்னதும் ஊரில் முதலில் வரும் கேள்வி, "நாமளும் மான் வளக்கலாமாண்ணா?" என்பதுதான். முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையும் கடமானையும் வேட்டையாடுவதும் கறி விற்பதும் குற்றம். காவிரி வடக்குச் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் கதை வேறு. செம்மான் அந்த நாட்டு விலங்கே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருகிக் காட்டை மேய்ந்து தீர்த்ததால் அரசே ஆள் வைத்துச் சுட்டது. பண்ணையில் வளர்க்கச் சட்டம் வழிவிட்டது 1969இல்தான்.

மானை விடுங்கள். அங்கே பழகிய வேலைமுறை நம் ஆட்டுக்கும் பொருந்தும் என்பதே என் எண்ணம்.

அந்தப் பண்ணையின் மான் கொட்டகைக்குள் யாரும் சத்தம் போட மாட்டார்கள். சுவர்கள் உயரமாக, உள்ளே வெளிச்சம் மங்கலாக இருக்கும். மங்கலில் மான் அடங்கி நிற்கும். பதறிவிட்டால் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் வேலியிலும் போய் மோதும். அடிபடும் என்பது மட்டும் காரணமில்லை. உயிரோடு இருக்கும்போது தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறி, ஏழுக்குப் பக்கத்தில் இருந்த பி.எச். அளவை (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஐந்தரை வரை இறக்கும். ஓடி மிரண்ட விலங்கு அந்தச் சேமிப்பை முன்னாலேயே செலவழித்துவிடும். பி.எச். ஆறுக்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். காற்று நீக்கிய பொட்டலத்தில் குளிரவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம். ஆண்டு முழுக்கப் பார்த்த பாட்டைக் கடைசி ஒரு நாள் தின்றுவிடும்.

நிலத்தையும் அப்படித்தான் பார்த்தார்கள். மான் வேலியோரம் முன்னும் பின்னும் நடந்தே தடம் போடும், சேற்றில் புரளும். அந்த மண் மழையில் ஓடைக்குப் போகும். அதனால் ஓடைக் கரையை வேலியிட்டு மரம், புதர் நடுவார்கள். மேய்ச்சலைப் பகுதி பகுதியாக மாற்றுவார்கள். புல்லோடு குளோவர் என்ற தீவனச் செடியும், சிக்கரியும் விதைப்பார்கள். நம் காப்பித்தூளில் கலக்கிற அதே சிக்கரிதான், அங்கே இலைக்காக. ஆழமான வேர், கோடையிலும் பச்சை. குட்டி ஈனும் பருவத்தில் புல்லை உயரமாக விட்டுவைப்பார்கள், பிறந்த குட்டி அதற்குள் ஒளிந்து படுக்கும்.

இங்கே எங்களிடம் இருப்பது சேலம் கருப்பு வெள்ளாடு, கொஞ்சம் மேச்சேரி செம்மறி. மானாவாரிச் செம்மண். ஒரே புறம்போக்கில் தினமும் மேய்த்தால் புல் தீர்ந்து கட்டாந்தரையாகி, புழுத் தொல்லையும் ஏறும். குடற்புழுவின் இளம்புழுக்கள் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம். ஆடு நிமிர்ந்து தழை தின்றால் வயிற்றுக்குள் போவது குறையும். அதனால் வேலியோரம் அகத்தியும் கல்யாண முருங்கையும் வைக்கச் சொல்கிறேன். மேய்ந்த துண்டுக்குத் துளிர் திரும்பும்வரை ஓய்வு. கிடை போட்டு நிலத்தை வளமாக்கத் தெரிந்த ஊருக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை.

ஆட்டை அமைதியாக நடத்துவதை மட்டும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு பெரியப்பா கையில் அகத்திக் கட்டோடு பட்டியைத் திறந்து முன்னால் நடப்பார். "பின்னாடி நின்னு அதட்டுனா சிதறும்பா. முன்னாடி நட, தானா வரும்." கிடாக்கள் அவர் தோளோரத் தழையைப் பார்த்தபடியே வரிசையாக வந்து வண்டிப் பலகையில் ஏறின. ஒரு கத்தல்கூட இல்லை.

சிக்கல் விற்கும் இடத்தில். வியாபாரி ஆட்டைக் கையால் தூக்கி ஒரு எடை சொல்வார். அந்தக் கைக்கணக்கில் வளர்த்தவரின் இரண்டு பருவ உழைப்பு அடங்கிப்போகிறது. இப்போது சில குடும்பங்கள் சேர்ந்து தராசு வாங்கியிருக்கிறார்கள். உயிர் எடை போட்டு, வயதும் இனமும் எழுதி, ஓசூர் கறிக்கடைக்காரர்களிடம் நேரடியாகப் பேசுகிறார்கள். நம் ஆட்கள் கண்ணெதிரே வெட்டின கறிதான் கேட்பார்கள், எனவே நியூசிலாந்தில் போலப் பொட்டலம் போட இப்போது அவசரமில்லை. புழுக்கைக்குத் தனி விலை பேசுவது அதைவிட லாபம்.

அடுத்து வண்டி. கால்களைக் கட்டி பைக்கில் குறுக்கே போட்டுக் கொண்டுபோவதை நிறுத்தியாக வேண்டும். மினி லாரியின் தரையில் வைக்கோல், நடுவில் தடுப்பு, போய்ச் சேர்ந்ததும் தண்ணீரும் நிழலும். தீபாவளிக்கு முன் இரண்டு வண்டிகளுக்காவது தடுப்பு அடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மூங்கில் போதுமா, இரும்புக் குழாயா என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை.