11 மில்லி விநாடிக்குள் ஒரு படம்

புதிதாக மடிக்கணினி வாங்கியவர்கள், அதில் விஆர் (தலையில் மாட்டிய திரையில் மெய்நிகர் உலகைக் காட்டும் தொழில்நுட்பம்) ஓடுமா என்று கேட்கும்போதெல்லாம், படம் வரைவதற்கென்றே உள்ள தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் ஓடாது என்றே சொல்லி வருகிறேன். மற்ற விளையாட்டுகள் நன்றாகத்தானே ஓடுகின்றன என்று அவர்கள் வருத்தப்படுவது நியாயமே.

2016 மார்ச்சில் ஓக்குலஸ் ரிஃப்ட் என்ற விஆர் ஹெட்செட் வெளிவந்தபோது, அதற்கு ஜிடிஎக்ஸ் 970 என்ற வலுவான கிராபிக்ஸ் கார்டின் அளவிலான கார்டு பரிந்துரைக்கப்பட்டது. அது மிகையான நிபந்தனை என்றுதான் அப்போது எண்ணினேன். கணக்குப் போட்ட பிறகே காரணம் விளங்கியது. 1920×1080 திரையில் விநாடிக்கு 60 படங்கள் வரைய ஏறத்தாழ 12.4 கோடி பிக்சல்கள் (படத்தின் புள்ளிகள்) போதும். ரிஃப்ட்டுக்கோ இரு கண்களுக்கும் சேர்த்து 2160×1200 பிக்சல்களை விநாடிக்கு 90 முறை வரைய வேண்டும், அதுவே 23.3 கோடி. லென்ஸின் வளைவை ஈடுகட்டுவதற்காகப் படத்தை முதலில் பெரிதாக வரைந்து பிறகு திருத்த வேண்டியிருப்பதால், உண்மையான சுமை 40 கோடியைத் தொடுகிறது.

இதைவிடக் கடினமானது நேரக்கெடு. ஒவ்வொரு படமும் 11 மில்லி விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். மேசைத் திரையில் ஒரு படம் தாமதமானால் கண் பொறுத்துக்கொள்ளும். தலையில் மாட்டிய திரையில் பொறுக்காது. நண்பருடைய ரிஃப்ட்டை, குறைந்த திறனுள்ள கிராபிக்ஸ் சில்லு கொண்ட என் மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். அசையாமல் நின்றவரை அந்த அறை அழகாகவே இருந்தது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பியபோது பார்வையின் ஓரத்தில் கரிய பட்டை ஒன்று தோன்றி மறைந்தது, சுவர் நடுங்கியது. பத்து நிமிடத்தில் தலை சுற்ற, கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சராசரி வேகத்தைக் காட்டும் எண்களில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

2016 இறுதியில், விநாடிக்கு 90-க்குப் பதில் 45 படங்களை மட்டும் கணினி வரைய, இடைப்பட்டவற்றை ஊகித்து நிரப்பும் உத்தி வந்தது. குறைந்தபட்சத் தேவையும் ஜிடிஎக்ஸ் 960 அளவுக்கு இறங்கியது. பயனுள்ள உத்திதான். ஆனால் வேகமாக வீசும் கையைச் சுற்றிக் காட்சி நெளிவதைப் பார்த்தவன் என்ற முறையில், அதை முழுத் தீர்வாக என்னால் ஏற்க முடியவில்லை.

அதன்பின் கணினியோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸ் வளர்ந்திருக்கிறது. திரைகள் அதற்கும் முன்னால் ஓடிவிட்டன. 2023-இல் வந்த குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கே 2064×2208 பிக்சல்கள். கணினியுடன் இணைத்து, முழுத் தெளிவில் 90 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 90 படங்களாக ஓட்டினால், இரு கண்களுக்கும் சேர்த்து விநாடிக்கு 82 கோடி. அதே ஹெட்செட், கணினியே இல்லாமல், தன்னுள் இருக்கும் கைபேசி வகைச் சில்லைக் கொண்டு இயங்குகிறது. அந்தச் சில்லின் வலுவுக்கேற்ப விளையாட்டுகளைச் சிக்கனமாக வரைந்திருக்கிறார்கள். அதனால் சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு, இப்போதைக்குத் தனித்தியங்கும் ஹெட்செட்டையே பரிந்துரைக்கிறேன்.