அத்தையும் வந்தால் தலைக்கு எவ்வளவு?

ஊர் சுற்றக் கிளம்பினால் எங்கள் வீட்டில் முதலில் பெட்ரோல் கணக்குதான் போடுவார்கள். ஆனால் டெல்டாவுக்குள்ளேயே சுற்றும்போது பணம் அதிகம் போவது சாப்பாட்டுக்கும் அறைக்கும்தான். அதனால் செலவை மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன்: கிலோமீட்டரோடு ஏறுவது, ஆளோடு ஏறுவது, ராத்தங்கலோடு ஏறுவது.

மொத்தம் = (தூரம் ÷ மைலேஜ் × பெட்ரோல் விலை) + (ஆள் × நாள் × சாப்பாடு) + (அறை × இரவு × வாடகை)

தஞ்சாவூரில் புறப்பட்டு கும்பகோணம், மயிலாடுதுறை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருவாரூர் வழியாகத் திரும்பினால் சுமார் 250 கிலோமீட்டர். வழியில் ஒரு கோயிலைப் பார்த்தால் வண்டியைத் திருப்பாமல் இருக்க மாட்டோம். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 300. மைலேஜுக்கு, டேங்கை நிரப்பி, நம்மூர் ரோட்டில் ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த அளவைத்தான் எடுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. ஓரம் ஒதுங்கி, நின்று நின்றுதான் போக முடியும். நான் 15 என்று வைக்கிறேன். 20 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் 2,000.

ஐந்து பேர், இரண்டு நாள், ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு 400: மொத்தம் 4,000. ஒரு இரவுக்கு இரண்டு அறை, 3,000. ஆக 9,000, தலைக்கு 1,800.

இப்போது அத்தை விஷயம். "நான் வேற எதுக்குடா, என்னால உங்களுக்குச் செலவுதானே" என்று ஒவ்வொரு முறையும் பின்வாங்குவார். ஏழு பேர் வண்டியில் இடம் இருக்கிறது, பெட்ரோல் அதேதான். அவரால் கூடுவது சாப்பாடு 800, எக்ஸ்ட்ரா பெட் 200. மொத்தம் 10,000, ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு சுமார் 1,667. அவர் வந்தால் எல்லோருக்கும் பங்கு குறைகிறது! இதைத் தாளில் எழுதி, "நீங்களே கூட்டிப் பாருங்க அத்தை" என்று கையில் கொடுத்தேன். கூட்டிப் பார்த்துவிட்டு, "சரி, மாத்திரை டப்பாவை எடுத்து வைக்கிறேன்" என்றார். இந்தச் சூத்திரத்தால் கிடைத்த பெரிய லாபம் எனக்கு அதுதான்.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோலும் மலிவு. லிட்டருக்கு 4 ரூபாய் மிச்சம் என்று வைத்தால் 30 லிட்டருக்கு 120 ரூபாய். ஒரு கிலோமீட்டர் ஓட்ட ஏறக்குறைய 6 ரூபாய் 70 காசு ஆகிறது. போகவர 18 கிலோமீட்டருக்கு மேல் சுற்றினால் மிச்சம் பிடித்தது போய்விடும். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் போகிறவர்களுக்கு அது வழியிலேயே இருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம். அதற்காகவே மயிலாடுதுறையிலிருந்து போகத் தேவையில்லை.

கிலோமீட்டரை விட நேரத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கால் மணி நேரம் தாமதித்தால் அரை நாள் போச்சு, சில சமயம் இன்னொரு இரவு தங்க வேண்டிவரும். அது ஒரேயடியாக 3,000 ஏற்றிவிடும். அதனால் கும்பகோணத்துக் கோயில்களைக் காலையிலேயே முடித்துவிட்டு, நடை சாத்தியிருக்கும் நேரத்துக்கு 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டையை வைத்திருக்கிறேன். திருவாரூர் மறுநாள் மாலை, நடை திறந்த பிறகு.