ஆமையின் கழுத்தில் வலை

சிற்பத்தில் வலை வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், காரணங்களும் வேறு வேறு. நான் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. அது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவர்களில் ஒருவரான மீனவ அண்ணனிடம் நான் சொன்ன பதில் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு கண்காட்சிக்குக் கடற்கரைக் குப்பையில் ஓர் ஆமைச் சிற்பம், அவ்வளவுதான் வேலை. ஓட்டுக்குப் பாட்டில் மூடிகள், துடுப்புகளுக்கு அறுந்த செருப்புகள், கழுத்திலிருந்து பின்கால் வரை வலை. ஏற்பாட்டாளர் வரைபடத்தைப் பார்த்ததும், "வலையை எடுத்துடுங்க. தான் தூக்கிப் போட்ட சாமானைத் தானே பார்த்தாத்தான் ஜனங்களுக்குச் சுருக்குன்னு இருக்கும். வலைன்னா நமக்கென்னன்னு போயிடுவாங்க" என்றார். நான் 2018இல் வந்த ஆய்வைச் சொன்னேன். ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே மிதக்கும் பசிபிக் குப்பைத் திட்டில், எடைக் கணக்கில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். அவர் பேசவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. எடையை விட்டுத் துண்டுகளை எண்ணினால் 94 சதவீதம் மைக்ரோபிளாஸ்டிக், அரிசி மணி அளவுக்கும் கீழே. ஆக, எடை போட்டால் வலை, எண்ணினால் பொடி. நான் ஆசை ஆசையாகக் கோத்த மூடிகள் இரண்டிலுமே முன்னால் வராது. போதாததற்கு அது நடுக்கடல் கணக்கு. எங்கள் மூட்டைகள் கரையில் பொறுக்கியவை; அங்கே பாட்டிலும் தின்பண்டப் பாக்கெட்டும்தான் கண்ணில் படும். இதெல்லாம் அன்று நான் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை, அவர் கேட்டது வலையைப் பற்றித்தானே?

அப்புறம் அந்த அண்ணன். சிக்குண்டு கிடந்த வலையைப் பிரித்துக் கொடுக்க வந்தவர். ஒரு கண்ணியை இரு விரல்களில் மாட்டி விரித்துப் பார்த்தே, இது தங்கூசி நைலான், இது விசைப்படகு இழுத்தது, இது முழுகும், அந்தப் பச்சை மிதக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு முடிச்சுக்குள் காய்ந்த நண்டு ஓடு ஒன்று முழுசாக இருந்தது. அதை உடையாமல் எடுத்து ஓரமாக வைத்தார். பாதி வேலையில் ஆமையை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, வலை போனா நட்டம் எனக்குத்தான். பாறையில மாட்டும், பெரிய படகு அறுத்துக்கிட்டுப் போகும். நானா தூக்கிப் போட்டேன்?"

"உங்களைச் சொல்லலண்ணே. வலையைத்தான் சொல்றேன்."

"வலைக்குப் பின்னாடி வேற யாரு இருக்கா?"

நான் சிரித்து மழுப்பினேன். என்ன சொல்லியிருக்கலாம்? தொலைந்த வலை யாரும் இழுக்காமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை அவரிடமே விளக்குவதா?

கண்காட்சியில் ஒருவர் ஆமையைச் சுற்றி வந்து, "ஓ, எல்லாம் மீன்பிடிக்கிறவங்க வேலையா" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. ஏற்பாட்டாளர் பயந்தது அப்படியே நடந்தது. ஆனால் ஒரு பள்ளி மாணவி வலையை மட்டும் வெகுநேரம் தொட்டுப் பார்த்ததையும் நான் பார்த்தேன். இதை வைத்து அதைச் சரிக்கட்டலாமா என்று தெரியவில்லை.

புகைப்படக் கலைஞர் கிறிஸ் ஜோர்டன் 2009இல் பசிபிக் கடலின் மிட்வே தீவில் செத்த அல்பட்ராஸ் கடற்பறவைக் குஞ்சுகளைப் படம் எடுத்தபோது, வயிற்றுக்குள் கிடந்த ஒரு பிளாஸ்டிக் துண்டைக்கூட நகர்த்தவில்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பொறாமை உண்டு. அவர் பார்த்தது அங்கேயே கிடந்தது. சிற்பம் செய்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. 2018இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரக் கால்வாயில் பிளாஸ்டிக் திமிங்கிலம் ஒன்றை நிறுத்தினார்கள். ஏறக்குறைய 5 டன் கடல் குப்பை. அதிலும் எது வெளியே தெரியணும், எது உள்ளே போகணும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்துதான் இருப்பார். தேர்ந்தெடுக்காமல் எங்கள் தொழில் இல்லை. இதை நான் சமாதானமாகச் சொல்கிறேனா, நியாயமாகவா என்று என்னைக் கேட்டால், நாளுக்கு ஒரு பதில் சொல்வேன்.

இப்போது வேறோர் இடத்துக்கு ஒரு சுறா கேட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் மறுபடியும் வலை இருக்கிறது. பக்கத்தில் வைக்கும் பலகையில், வலை தொலைவது மீனவருக்கும் நட்டம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பலகையை யார் படிக்கிறார்கள், செல்ஃபி எடுக்கவே நேரம் சரியாக இருக்கிறது. அந்த அண்ணனைக் கேட்டே எழுதலாம். கேட்டால் வலையை எடுத்துவிடு தம்பி என்பார். அதனால்தான் இன்னும் போன் செய்யவில்லை.