காஸ்டிக் கரைத்தால் எத்தனை டிகிரி ஏறும்: கப்பில் அளந்து டிரம்முக்குப் போட்ட கணக்கு

ஈரோடு, சென்னிமலைப் பக்கம் சாயப்பட்டறைகளில் காஸ்டிக் (காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு) கரைப்பது தினப்படி வேலை. டிரம் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சுடும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பாதுகாப்பு. அதற்காக முதலில் சின்ன அளவில் அளந்தோம்.

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு தெர்மாகோல் கப், அட்டை மூடி, 0.1 டிகிரி காட்டும் தெர்மாமீட்டர். 96 கிராம் தண்ணீர் 29.4 டிகிரியில் அசையாமல் நின்றதும் 4 கிராம் காஸ்டிக் செதில் (0.1 மோல்; காஸ்டிக்கில் ஒரு மோல் என்றால் 40 கிராம்) போட்டு, கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒரு ரீடிங். மூன்றாவது நிமிடம் 38.9, பிறகு மெல்ல இறங்கியது.

இந்த 38.9ஐ அப்படியே எடுக்கக் கூடாதுங்க. செதில் கரைவதற்குள்ளேயே கொஞ்சம் சூடு வெளியே போய்விடுகிறது. இறங்கும் ரீடிங்குகளைக் கிராஃப் தாளில் கோடாக்கி, காஸ்டிக் போட்ட நேரம் வரை பின்னால் நீட்டினால் 39.3 வருகிறது. ஏற்றம் 9.9 டிகிரி.

நிறை × தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பம்) × ஏற்றம்: 100 × 4.18 × 9.9 = 4138 ஜூல். ஒரு மோலுக்கு 41.4 கிலோஜூல். வெப்பம் வெளியேறுவதால் என்தால்பிக்கு (கரையும்போது உள்ளே போகும் அல்லது வெளியேறும் வெப்பத்தின் கணக்கு) மைனஸ் குறி. நிறைக்கு 96 போட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. சூடாவது முழுக் கரைசல், ஆகவே 100.

புத்தக மதிப்பு 44.5. நமக்குக் குறைவாக வந்ததற்குக் காரணம் உண்டு. திறந்து வைத்த காஸ்டிக் ஈரத்தையும் கார்பன் டை ஆக்ஸைடையும் இழுத்துக்கொள்ளும். அதனால் எடைபோட்ட 4 கிராம் முழுவதும் காஸ்டிக் அல்ல. கப்பும் தெர்மாமீட்டரும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

யூரியா இதற்கு நேரெதிர். தோட்டத்தில் கரைக்கும்போது கை ஜில்லென்றாகுமே, அதுதான். 94 கிராம் தண்ணீரில் 6 கிராம் போட்டால் சுமார் மூன்றரை டிகிரி இறங்கும், குறி பிளஸ்.

இனி டிரம். 90 லிட்டரில் 10 கிலோ என்றால் 250 மோல். பாதுகாப்புக்காகப் புத்தக மதிப்பையே எடுத்தால் 11,125 கிலோஜூல். 100 கிலோ கரைசலுக்குத் தண்ணீரின் தன்வெப்பத்தை வைத்தால் ஏற்றம் 26.6. காஸ்டிக் கரைசலின் தன்வெப்பம் அதைவிடக் குறைவு, சுமார் 3.8, அப்போது 29. முப்பது டிகிரி போர் தண்ணீர் அறுபதை நெருங்கிவிடும்.

தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், இரண்டிரண்டு கிலோவாக, கலக்கிக்கொண்டே. காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் அந்த இடமே கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டப் போகக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது; அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.